கல்வெட்டில் அந்த வரி வேண்டாம்

மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும், பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும், அன்பியப் பொறுப்பாளர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ். மரியே வாழ்க.

போன ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் பேரவைச் செயலாளர் அறிவிப்பு வாசித்தார். பெரியம்மா இறந்து நவம்பரில் ஒரு வருடம் ஆகிறது, ஆண்டு நினைவுத் திருப்பலியன்று மாதா கெபியின் பக்கச் சுவரில் அவருக்கு ஒரு கல்வெட்டு திறக்கப்படும் என்றார். வாசகத்தையும் வாசித்துக் காட்டினார். "நாற்பது ஆண்டுகள் இவ்வாலயப் பணியில் தம்மைக் கரைத்தவர். கொடிய நோயின் வேதனையை ஒருமுறையேனும் முணுமுணுக்காமல், புன்னகையோடு சிலுவையாக ஏற்றவர்." பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ "ஆமென்" என்றுகூடச் சொன்னார்கள்.

முதல் வாக்கியத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டாவது உண்மை இல்லை. அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். பங்கு அலுவலகத்துக்கு வந்து தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் வாசகம் எல்லாரும் கேட்க வாசிக்கப்பட்டது, நாளைக்கு எல்லாரும் பார்க்கச் சுவரில் நிற்கப்போகிறது. அதனால் என் பதிலும் எல்லார் காதுக்கும் போகட்டும் என்று நினைத்தேன். கல்லுக்குப் பணம் அனுப்பிய அண்ணனிடம், பெரியம்மாவின் மகனிடம், மஸ்கட்டுக்குப் போன் போட்டுப் பேசிவிட்டேன். "நீதான கூட இருந்த, நீ சொல்லுகதுதான் சரி" என்று சொல்லிவிட்டான்.

பெயரை இங்கே எழுதவில்லை. நம் பங்கில் அவரைப் பெயர் சொல்லித்தான் அடையாளம் காட்ட வேண்டும் என்பதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டு அடுப்படிக்குப் போனால் கஞ்சிப்பசை மணக்கும். பீடத்துணிகளை வெளியே சலவைக்குக் கொடுக்க அவர் விட்டதே இல்லை. சம்பா அரிசிக் கஞ்சி துணியில் நிறம் ஏற்றிவிடும் என்று, அதற்கென்றே வெள்ளைப் பச்சரிசி கால் கிலோ தனியாக வைத்திருப்பார். வடித்த தண்ணீரில் முக்கி, நிழலில் உலர்த்தி, பாதி ஈரம் இருக்கும்போதே கரிப்பெட்டியால் தேய்ப்பார். கரண்டுப் பெட்டி வந்த பிறகும் கரிப்பெட்டியை விடவில்லை. பீடத்தில் திருப்பலி அப்பத்துக்கு அடியில் விரிக்கும் திருமேனித் துகிலை மட்டும் யாரிடமும் தரமாட்டார். அதை மூன்றாக மடித்து, மறுபடியும் மூன்றாக மடிக்க வேண்டும், விரித்தால் ஒன்பது கட்டம் வர வேண்டும், மடிப்பு உள்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். அப்பத்தின் துணுக்கு ஏதாவது அதில் ஒட்டியிருந்தால் தரையில் விழுந்துவிடக் கூடாதே, அதற்காக. முதல் அலசு தண்ணீரையும் ஓடையில் விடமாட்டார், ரோஜாச்செடி மூட்டில் கொண்டுபோய் ஊற்றுவார். எனக்குப் பத்து வயதில் இதையெல்லாம் சொல்லித் தந்தார். மறைக்கல்வியில் படித்தது பாதி மறந்துவிட்டது, அந்த ஒன்பது கட்டம் கைக்கு இன்னும் மறக்கவில்லை.

ஊரில் யார் இறந்தாலும் செபமாலை சொல்லத் தொடங்குவது அவர் குரல்தான். கூட்டம் வரும்வரை காத்திருக்க மாட்டார். இறந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து தனியாகவே ஆரம்பித்துவிடுவார், ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொள்வார்கள். அவரை அடக்கம் செய்த அன்று செபமாலையின் முதல் பத்து மணிகளிலேயே நமக்கெல்லாம் தாளம் தவறியது நினைவிருக்கும். யார் தொடங்குவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்புறம் அந்த நோட்டு. மாதத்தின் முதல் வெள்ளிக்கு முதல் வெள்ளி ஃபாதர் வீட்டு நோயாளிகளுக்கு நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுக்கப் போகும்போது, கையில் மணியும் மெழுகுவர்த்தியுமாகப் பெரியம்மா முன்னால் நடப்பார். யார் யார் வீடு என்பதெல்லாம் எண்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதியிருந்தது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

2022 தவக்காலத்தில்தான் முதன்முதலாக என்னிடம் சொன்னார். கிணற்றடியில் குத்துவிளக்கு துலக்கிக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமலே, "எனக்க இடப்பக்கம் நெஞ்சுல ஒரு கட்டி கெடக்கு மக்களே. புளியங்கொட்ட அளவுதான். வேதனை ஒண்ணும் இல்ல. யாருட்டயும் சொல்லாண்டாம், கேட்டியா" என்றார்.

வேதனை இல்லை. அதுதான் ஏமாற்றியது. மார்பில் வருகிற இந்தக் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காததால்தான் நம் பெண்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. எனக்கும் அப்போது இது தெரியாது. ஈஸ்டர் கழியட்டும் என்றார், சரி என்றேன். ஈஸ்டர் கழிந்தது. மே 15ஆம் தேதி ரோமில் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம். நட்டாலத்தில் பிறந்து, காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்த நம் மண்ணின் மனிதர், குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினரில் இந்தியாவிலிருந்து புனிதரான முதல் ஆள். அதற்காக ஊரே எழுந்து நின்ற நேரம், அதற்குள் எங்கே ஆஸ்பத்திரிக்குப் போவது? கோயில் முற்றத்தில் திரை கட்டிப் பார்த்தோமே, அன்றைக்கு முந்நூறு பேருக்குப் பாயசம் கிண்டியவர் அவர்தான். கட்டி அப்போது நெல்லிக்காய் அளவு. ஜூலையில் என் தொல்லை தாங்காமல் பக்கத்து டவுனில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஒழுங்காகத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கொழுப்புக்கட்டி என்று சொல்லி மாத்திரை எழுதினார்கள். அது அவருக்கு ரொம்ப வசதியாகப் போய்விட்டது. செப்டம்பரில் மாதா பிறப்புத் திருவிழா, அக்டோபரில் செபமாலை மாதம். நவம்பரில் ஒருநாள் ரவிக்கை மாற்றும்போது நானே பார்த்துவிட்டேன். தோல் ஆரஞ்சுப் பழத் தொலி மாதிரி குழிவிழுந்திருந்தது.

ஊசி குத்தி எடுத்துச் சோதித்தபோது மூன்றாம் கட்டம் என்றார்கள். ஒன்பது மாதம்.

இறப்புவீட்டில் சிலர், கடற்கரை மணலின் கதிர்வீச்சால்தான் இந்த நோய் என்று மணல் கதை பேசினார்கள். மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலில் மோனசைட்டும் அதில் தோரியமும் இருப்பது உண்மைதான், அதைப் பற்றிய சண்டையும் நெடுங்காலமாக நடக்கிறது. அதை இங்கே இழுக்க நான் விரும்பவில்லை. அந்தக் கட்டியை ஒன்பது மாதம் முந்தானைக்குள் மூடிவைத்தது மணல் இல்லை.

எது மூடிவைத்தது என்று யோசித்துப் பார்த்தேன். பெரியம்மாவுக்கு பயம் இருந்தது, வெட்கமும் இருந்தது. விதவைப் பெண் நெஞ்சைத் திறந்து காட்டுவதா என்ற எண்ணம். இவற்றுக்கெல்லாம் மேலே, கோயில் வேலை தடைபடக் கூடாது என்ற பிடிவாதம். அதை நாம் எல்லாரும் பக்தி என்று சொல்லிச் சொல்லி வளர்த்தோம். பங்கில் யாருக்காவது புற்றுநோய் வந்தால் நாம் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. "மத்த சூக்கேடு" என்போம். விசுவாசிகள் மன்றாட்டில் "உடல்நலமற்று இருக்கும் ஒரு சகோதரிக்காக" என்போம். இப்போது கல்வெட்டிலும் "கொடிய நோய்" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது, கல்லில்கூட அந்த நோய்க்குப் பெயர் இல்லை.

திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்கு, அங்குள்ள வட்டாரப் புற்றுநோய் மையத்துக்கு, போகத் தொடங்கினோம். 1981இல் தொடங்கிய அந்த மருத்துவமனைதான் நம் மாவட்டத்துக்காரர்களில் பலருக்குப் போக்கிடம். விடியற்காலை இரணியல் ஸ்டேஷனில் பாசஞ்சர் பிடித்து, தம்பானூரில் இறங்கி, மெடிக்கல் காலேஜ் பஸ் ஏற வேண்டும். கீமோ இருபத்தொரு நாளைக்கு ஒரு தடவை. அந்த ரயிலில் இரண்டு மூன்று தடவை போனால் போதும், யார் எதற்காகப் போகிறார்கள் என்று தெரிந்துவிடும். மடியில் பெரிய ஸ்கேன் கவர், தலையில் துண்டு அல்லது ஸ்கார்ஃப், கையில் கஞ்சிப் பாத்திரம். மூன்றாவது பயணத்தில் நம் பங்கைச் சேர்ந்த இரண்டு பேரைப் பார்த்தோம், இரண்டும் வெவ்வேறு பெட்டியில். ஒருவர் எங்களைக் கண்டதும் சேலைத் தலைப்பை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். இன்னொருவர், கேட்காமலே, "மொவ வீட்டுக்கு" என்றார். ஞாயிறு தோறும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சமாதானம் சொல்லிக் கைகூப்பிக்கொள்கிற மூன்று பெண்கள், ஒரே மருத்துவமனைக்கு, ஒரே ரயிலில், ஒருவருக்கொருவர் தெரியாமல்!

பெரியம்மா அன்றைக்குத்தான் மாறினார் என்று நினைக்கிறேன். பாறசாலை தாண்டியதும் எழுந்துபோய் அந்தத் தலைப்பு இழுத்தவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்கு நெஞ்சுல. ஒனக்கு எங்க?" என்று கேட்டார். நெய்யாற்றின்கரை வரும்போது இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். தம்பானூரில் இறங்கும்போது எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள், எதற்கென்று எனக்குத் தெரியாது.

நாலாவது பயணத்தில் ஒரு மலையாளிப் பெண் டிக்கெட் வரிசையில் நின்றபோது சொல்லித்தான், புற்றுநோயாளிக்கு ரயில் கட்டணத்தில் சலுகை இருப்பது எங்களுக்குத் தெரியும். சிகிச்சைக்குப் போகிறார் என்று மருத்துவமனை அதற்கான படிவத்தில் எழுதித் தந்தால், இரண்டாம் வகுப்பில் முக்கால் பங்கு தள்ளுபடி, கூடப் போகும் ஒருவருக்கும் உண்டு. பாசஞ்சர் டிக்கெட் சில்லறைக் காசுதான், எங்களுக்கு அதனால் பெரிய லாபம் இல்லை, ஆட்டோவுக்குத்தான் காசு கரைந்தது. ஆனால் நம் பங்கிலிருந்து சென்னைக்கு, அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய்வருகிறவர்களும் இருக்கிறார்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிவைத்த மருத்துவமனை அது. தூங்கும் வசதிப் பெட்டியில் நோயாளிக்கு முழுக் கட்டணமும் தள்ளுபடி. இது தெரியாமல் முழுக் காசு கொடுத்துப் போய்வந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். திருவிழா வரி, கெபிக்கு டைல்ஸ், மைக் செட் நன்கொடை எல்லாம் அறிவிப்பில் வருகிறது, ஃபாதர். இதுவும் அரை நிமிடம்தான் ஆகும்.

2023இல் அறுவை சிகிச்சை, பிறகு கதிர்வீச்சு. கொஞ்ச நாள் நன்றாக இருந்தார். முடி முளைத்து, வெள்ளைச் சுருளாக, குழந்தை மாதிரி இருந்தது. மறுபடியும் சனிக்கிழமை கஞ்சிப்பசை மணந்தது. 2024 கோடையில் இடுப்பில் வலி என்றார். எலும்புக்குப் போயிருந்தது.

இனிமேல் சொல்லப்போவதுதான் கல்வெட்டு சம்பந்தப்பட்டது.

எலும்பில் வருகிற வலியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். திரும்பிப் படுக்க முடியாது. யாராவது கட்டிலில் வந்து உட்கார்ந்தால் அந்த அசைவுக்கே கத்துவார். பெரியம்மா முணுமுணுத்தாரா என்று கேட்டால், முணுமுணுக்கவில்லைதான், அலறினார். இரவு இரண்டு மணிக்கு அலறினார். பக்கத்து வீட்டு நாய் சேர்ந்து குரைக்கும். என்னைத் திட்டினார், மஸ்கட்டில் இருக்கும் மகனைத் திட்டினார். ஒருநாள் சுவரில் தொங்கிய பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்து, "ஒமக்கு மூணு மணி நேரத்துல முடிஞ்சிட்டு. எனக்கு மூணு மாசமாச்சு, இஞ்ச பாரும்" என்றார். கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு உடம்பு நடுங்கியது. ஆனால் அவரோடு அவ்வளவு உரிமையாகப் பேசுகிற இன்னொரு ஆளை நான் நம் பங்கில் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்த நர்ஸ் மார்ஃபின் மாத்திரை கொண்டுவந்து தந்தார். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும் என்றார். பெரியம்மா வேண்டாம் என்றுவிட்டார். காரணம் இரண்டு. ஒன்று, அது போதை என்ற பயம். இன்னொன்று, பார்க்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனது. நல்ல மனதோடுதான் வந்தார்கள், அதில் சந்தேகம் இல்லை, ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தார்கள். தலையில் கைவைத்து செபித்துவிட்டு, "வேதனைய உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கு ஒப்புக்கொடுங்க, ஆண்டவர் ஒங்களத் தெரிஞ்செடுத்திருக்காரு" என்று சொல்லிப் போனார்கள். ஒருவர் மட்டுமல்ல, வந்தவர்கள் எல்லாரும். அவர்கள் வாசல் தாண்டும்வரை பெரியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகைப்பார். கல்வெட்டில் இருக்கும் புன்னகை அதுதான். கதவைச் சாத்தினதும் என்ன நடக்கும் என்று நான் மேலே சொல்லிவிட்டேன்.

பதினெட்டு நாள் அப்படிப் போனது. பிறகு, ஓய்வில் இருக்கும் ஒரு வயதான சாமியார், எங்கள் அம்மைக்குத் திருமணம் நடத்திவைத்தவர், கம்பு ஊன்றிக்கொண்டு பார்க்க வந்தார். பெரியம்மா அவரிடம் வேதம் பேசினார். "பாடுபட்டப்ப வெள்ளைப்போளம் கலந்த மதுவ அவரு வாங்கலியே சாமி, நான் எப்பிடி வாங்குகது?" மாற்கு நற்செய்தியில் உள்ளதுதான். சாமியார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "முதல்ல வாங்கல. கடைசியில தாகமா இருக்குன்னு கேட்டு வாங்கினாரே, அத யோவான்ல படிக்கலியா?" என்றார். பெரியம்மாவுக்குப் பதில் வரவில்லை. சாமியார் மேலும், 1957லேயே மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர்கள் பன்னிரண்டாம் பயஸ் பாப்பரசரிடம் இதைக் கேட்டார்கள் என்றும், வேறு வழியில்லாதபோது வலியைக் குறைக்க மருந்து வாங்குவதில் தப்பில்லை, அதனால் ஆயுள் கொஞ்சம் குறைந்தாலும்கூட, என்று அவர் பதில் சொன்னார் என்றும் சொன்னார். இன்றைய மறைக்கல்வி நூலிலும் அதுவே இருக்கிறது, 2279ஆம் எண்ணில். நான் பிறகு தேடிப் படித்தேன். நாற்பது வருடம் பூசைக்குத் தவறாத ஒரு பெண்ணுக்கு, திருச்சபை அறுபது வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்ட ஒன்று, தற்செயலாக வந்த ஒரு கிழவரால்தான் தெரிய வேண்டியிருந்தது.

அன்று இரவு மாத்திரை வாங்கினார். மூன்றாவது நாள் காலையில் நான் போனபோது சுவரைப் பார்த்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "மரச்சீனி அவிச்சு, சாளக்கறி வச்சுத் தாறியா மக்களே" என்றார். இரண்டு துண்டுதான் தின்றார். பிறகு செபமாலையை எடுத்தார். ஒரு மாதமாக அருள்நிறை மந்திரம் ஒன்றைக்கூட அவரால் முழுதாகச் சொல்ல முடியவில்லை, நடுவில் வலி வந்து வெட்டிவிடும். அன்றைக்கு ஐம்பத்துமூன்று மணியும் சொல்லி முடித்தார். மருந்து வாங்கினால் செபிக்கும் மனம் மழுங்கிவிடும் என்று சொன்னவர்கள் அந்த அறையில் அப்போது இருந்திருக்க வேண்டும். மலச்சிக்கல் மட்டும் வந்தது, அதற்கும் நர்ஸ் மருந்து தந்தார். இதையும் எழுதுகிறேன், நாளைக்கு யாருக்காவது உதவும்.

படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து வலிக்கு மருந்து தருவது, 2021இல் அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலேயே இருக்கிறது. நம் ஊரில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்னொன்று, நோயில்பூசுதல், நோயாளிக்கு எண்ணெய் பூசி செபிக்கும் அருளடையாளம். நம் பாட்டிமார் அதை "அவஸ்தை பூசுதல்" என்பார்கள். சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், அடுத்து கோயிலில் துக்கமணிதான் என்று ஊருக்குத் தெரியும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963லேயே இதற்கு நோயில்பூசுதல் என்ற பெயர்தான் பொருத்தம், சாகும் தருவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்று சொல்லிவிட்டது. பெயரை மாற்றிக்கொண்டோம், பயத்தை மாற்றவில்லை. எத்தனையோ வீட்டுக்குச் சாமியாரைக் கூட்டிக்கொண்டுபோன பெரியம்மாவே, தனக்கென்று வந்தபோது, "இப்ப வேண்டாம் மக்களே, பூசினா ஊரு என்னை எழவு கணக்குல எழுதிப்போடும்" என்றார். கடைசி வாரத்தில்தான் சம்மதித்தார். பூசி முடித்த அன்று நன்றாகத் தூங்கினார். முதல் கீமோவுக்குப் போகும் முன்பே பூசியிருக்கலாம், அதற்குத்தானே அது.

ஆகவே நான் கேட்பது இது. கல் வேண்டாம் என்று சொல்லவில்லை, அண்ணனுக்கு அம்மை பெயர் கோயிலில் இருக்க வேண்டும் என்று ஆசை, இருக்கட்டும். இரண்டாவது வரியை எடுத்துவிடுங்கள். அந்த வரி அங்கே இருந்தால், நாளைக்கு நம் பங்கில் வலியோடு கிடக்கப்போகிற ஒரு பெண் கெபிக்கு வந்து அதைப் படிப்பாள். வாயைத் திறந்தால் தன் விசுவாசம் குறைந்ததாகிவிடும் என்று நினைப்பாள். கட்டி இருக்கிறது என்று சொல்லாமல் திருவிழா கழியட்டும் என்பாள். என் பெரியம்மாவின் பெயரால் அது நடக்கக் கூடாது. ஏதாவது ஒரு வரி வேண்டும் என்றால், "புற்றுநோயால் இறந்தார்" என்று எழுதுங்கள். போதும்.

இது செபமாலை மாதம். நாம் மாதா பெயரால் கூடுகிற இதே அக்டோபரைத்தான் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கு உலகம் ஒதுக்கியிருக்கிறது. முப்பத்தொரு நாளும் சாயங்காலம் நம் பெண்கள் கோயிலில்தான் இருக்கிறார்கள், இப்படி ஒரு கூட்டத்தை எந்த முகாம்காரனாலும் கூட்ட முடியாது. மீதமிருக்கும் நாட்களில் ஒருநாள், செபமாலை முடிந்த பிறகு, ஆண்களை அனுப்பிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஒருவரை வரவழைத்து அரை மணி நேரம் பேசவையுங்கள். நம் பங்கிலேயே நர்ஸ் படித்த பெண்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! கோயிலுக்குள் மார்பு என்ற சொல்லா என்று யாராவது முகம் சுளித்தால் என்னிடம் அனுப்புங்கள். பால் கொடுக்கும் மாதா படத்தைக் காட்டிப் பேசிக்கொள்கிறேன்.

அப்புறம் அந்த நோட்டு. அது எங்கள் வீட்டில் இருக்கிறது. பெரியம்மா படுத்த பிறகு அதை யாரும் எடுத்து நடத்தவில்லை. ஒரு முதல் வெள்ளி எங்கள் வீட்டையே தாண்டிப் போய்விட்டார்கள், குற்றமாகச் சொல்லவில்லை, முன்னால் நடக்க ஆள் இல்லையென்றால் ஃபாதருக்கு வழி எப்படித் தெரியும்? இப்போது அதில் பத்தொன்பது வீடு இருக்கிறது. ரயிலில் அறிமுகமான இரண்டு பேரையும் அவர்கள் சம்மதத்தோடு கடைசியில் சேர்த்திருக்கிறார். தன் பெயரை மட்டும் எழுதவில்லை.

ஒவ்வொரு பெயருக்கும் நேரே பென்சிலில் குறிப்பு இருக்கிறது. "பல் இல்லை. அப்பத்தைச் சின்னதாகப் பிய்க்கணும், பிறகு தண்ணி." "காது கேளாது. 'கிறிஸ்துவின் திருவுடல்' உரக்கச் சொல்லணும்." "மருமகளிடம் முந்தின நாளே சொல்லணும், இல்லாட்டி கதவு திறக்க மாட்டா." "நாய் உண்டு." "இங்க பத்து நிமிசம் கூட இருக்கணும், யாரும் பேச வாறதில்ல."

நவம்பர் 7 முதல் வெள்ளி. அதற்கு முன்னால், மாதர் சங்கத்திலிருந்தோ மரியாயின் சேனையிலிருந்தோ யாராவது ஒருவர் வந்து நோட்டை வாங்கிக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன். மணியையும் துடைத்து வைத்திருக்கிறேன், அதன் நாக்கு கொஞ்சம் ஆடுகிறது, வரும்போது ஒரு துண்டு கம்பி கொண்டுவந்தால் சேர்த்துக் கட்டிவிடலாம்.

அன்புடன்,
பெரியம்மாவின் தங்கை மகள்